டேப்லெட் ப்ராசஸரா, 25 நாள் லீவா?



பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் வாசுதேவநல்லூர். தென்காசியிலிருந்து ராஜபாளையம் போற ரோட்டில், புளியங்குடி தாண்டி, சிவகிரிக்கு முன்னாடி வரும். சென்னையில் வேலை பார்க்கிற சித்தி மகனும் வந்திருந்தான். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மத்தியானம், சாப்பிட்டுட்டு எல்லாரும் கண் அசந்த நேரம், திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினான்.

"அண்ணே, ஏ16 வாங்கட்டா, எம்3 வாங்கட்டா?"

இரண்டும் ஐபேடில் இருக்கிற ப்ராசஸர். மூணு வாரமா ரிவ்யூ வீடியோ பார்த்திருக்கான். எந்த ப்ராசஸரில் எத்தனை கோர், பெஞ்ச்மார்க்கில் எது எவ்வளவு மார்க், எல்லாம் மனப்பாடம். எதுக்கு டேப்லெட்னு கேட்டேன். "படிக்கத்தான்ணே. குரூப் 2."

இந்தக் கேள்வி எனக்கும் அடிக்கடி வருது. சிஏ படிக்கிற பசங்க, பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவங்க, வேலையில் இருந்துகிட்டே சிஎம்ஏ பண்றவங்க எல்லாரும் கேக்கிறது இதேதான்: எந்த ப்ராசஸர்? இது கம்ப்யூட்டர் கேள்வி மாதிரி தெரியும். என் கணக்கில் இது பணக் கேள்வி. அதனால்தான் ஒரு ஆடிட்டர் இதைப் பற்றி எழுதுறேன்.

முதலில் விலை

இந்த இரண்டு ஐபேடும் 2025 மார்ச்சில் ஒண்ணா அறிவிக்கப்பட்டவை. ஏ16 ப்ராசஸர் உள்ள சாதாரண ஐபேட், 128 ஜிபி, வைஃபை மட்டும், இந்தியாவில் அறிமுக விலை 34,900 ரூபாய். எம்3 உள்ள 11 இன்ச் ஐபேட் ஏர், அதே 128 ஜிபி, 59,900 ரூபாய். ஆஃபர் வரும் போகும்; நான் அறிமுக விலையை வைத்தே கணக்குப் போடுறேன்.

தம்பியின் லிஸ்டில் பென்சிலும் இருந்தது. சாதாரண ஐபேடுக்கு யுஎஸ்பி-சி பென்சில், 7,900. ஏருக்கு பென்சில் ப்ரோ, 11,900. ஆக,

ஏ16 + பென்சில் = 42,800 ரூபாய்.
எம்3 + பென்சில் ப்ரோ = 71,800 ரூபாய்.
வித்தியாசம் = 29,000 ரூபாய்.

அவனுக்குக் கைக்கு வர்ற சம்பளம் 34,000. வீட்டுக்கு 10,000 அனுப்புறான். ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், போன் எல்லாம் போக மாசம் 6,000 மிச்சம் நிக்கும். நிக்கிற மாசத்தில்.

"இந்த 29,000-க்கு உனக்கு என்ன கிடைக்குது?"ன்னு கேட்டேன். "ஸ்பீடுண்ணே"ன்னான். எந்த வேலையில் ஸ்பீடுன்னு கேட்டதுக்கு அவனிடம் பதில் இல்லை. நீங்களும் இதே கேள்வியை உங்களிடம் கேட்டுப் பாருங்க.

படிக்கிறப்போ ப்ராசஸர் என்ன செய்யுது?

குரூப் 2-க்குப் படிக்கிற ஒருத்தர் டேப்லெட்டில் என்ன செய்வார்? 6-ஆம் வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளிப் பாடப் புத்தகங்களை பிடிஎஃப்-ஆக இறக்கிப் படிப்பார். அது அரசே இலவசமாகத் தர்றது. வகுப்பு வீடியோ பார்ப்பார். மாதிரித் தேர்வு எழுதுவார். ஓரத்தில் குறிப்பு எழுதுவார். சிஏ படிக்கிறவருக்கும் இதேதான். புத்தகம் மட்டும் ஐசிஏஐ மெட்டீரியல்.

பிடிஎஃப்-ல் ஒரு பக்கத்தைத் திருப்புறப்போ ப்ராசஸர் ஒரு நொடிக்கும் குறைவா வேலை செய்து அந்தப் பக்கத்தை வரைஞ்சு கொடுக்கும். அப்புறம் நீங்க அந்தப் பக்கத்தை வாசிக்கிற இரண்டு மூணு நிமிஷமும் அது சும்மா இருக்கும். வேகமான ப்ராசஸர் இன்னும் சீக்கிரம் வரைஞ்சுட்டு, இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலா சும்மா இருக்கும். அவ்வளவுதான்.

வீடியோவும் அப்படித்தான். வீடியோவை விரிச்சுக் காட்டுறதுக்குன்னே சிப்புக்குள் தனியா ஒரு பகுதி இருக்கு. பெஞ்ச்மார்க்கில் மார்க் வாங்குற கோர்களுக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. இரண்டு மணி நேர வகுப்பு, எம்3-யிலும் இரண்டு மணி நேரம்தான் ஓடும்.

பேனாவால் எழுதுறது? அதில் திரையின் பங்கு அதிகம். நான் சொன்ன இரண்டு ஐபேடிலும் திரை நொடிக்கு 60 தடவைதான் புதுப்பிக்கும். ஏரின் திரையில் கண்ணாடிக்கும் டிஸ்ப்ளேவுக்கும் நடுவில் இடைவெளி இல்லாததால், எழுத்து பேனா முனையிலேயே விழுற மாதிரி இருக்கும். அது உண்மையான வசதிதான், மறுக்கலை. ஆனா அது திரையால் வர்ற வசதி. ப்ராசஸர் கணக்கில் எழுதக் கூடாது.

ஏஐ? ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ஏ16 ஐபேடில் வராது, எம்3-யில் வரும். ஆனா நீங்க தினமும் சந்தேகம் கேக்கிற சாட்ஜிபிடி மாதிரி ஆப்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதுக்கான பதில் எங்கேயோ ஒரு சர்வரில் தயாராகி இன்டர்நெட்டில் வருது. உங்க கையில் ஏ16 இருந்தாலும் எம்3 இருந்தாலும் ஒரே பதில்தான்.

அப்போ இருக்கிறதிலேயே மலிவானதை வாங்கிடலாமா?

கூடாது. இந்தத் தப்பை நான் பண்ணியிருக்கேன். சிஏ ஃபைனல் படிக்கிறப்போ, ஸ்டைபெண்டில் மிச்சம் பிடிச்சு, 7,000 ரூபாய்க்கு ஒரு டேப்லெட் வாங்கினேன். ரேம் 1 ஜிபி. ப்ராக்டிஸ் மேனுவலைத் திறந்தா அடுத்த பக்கம் வெள்ளையா நிக்கும். விடையைப் பார்க்கப் பின்னாடி போய், மறுபடி கணக்குக்கு வர்றதுக்குள் என்ன கணக்குன்னே மறந்துடும். இரண்டு மாசத்தில் அது பீரோவுக்குள் போச்சு. கடைசியில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துத்தான் படிச்சேன். 7,000 ரூபாயை மிச்சம் பிடிச்சதா நினைச்சேன். கணக்குப் பார்த்தா 7,000-மும் நஷ்டம்.

நாடே இதே பாடத்தைப் படிச்சிருக்கு. 2011 அக்டோபர் 5-ஆம் தேதி மத்திய அரசு 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகம் செய்தது. மாணவர்களுக்காகவே செய்தது. அரசு கொடுத்த விலை சுமார் 2,250 ரூபாய். உலகத்திலேயே மலிவான டேப்லெட்னு எல்லா நாட்டுப் பத்திரிகையும் எழுதின. உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 256 எம்பி ரேம், அழுத்தித் தொட்டால் வேலை செய்யும் பழைய வகைத் திரை. நல்ல நோக்கம்தான். ஆனா விலையை முதலில் முடிவு பண்ணிட்டு, அதுக்குள் அடங்குறதை உள்ளே வச்சா இப்படித்தான் ஆகும். அடுத்த வருஷமே 1 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 512 எம்பி ரேம், நல்ல தொடுதிரைன்னு ஆகாஷ் 2 கொண்டுவர வேண்டியதாச்சு.

அதே 2011-ல், ஆகாஷுக்கு மூணு வாரம் முன்னாடி, செப்டம்பர் 15-ல் நம்ம தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. இதை வாசிக்கிற உங்களில் நிறைய பேர் அந்த லேப்டாப்பை ப்ளஸ் டூவில் கையில் வாங்கியிருப்பீங்க. தம்பியும் 2018-ல் வாங்கினான். கீபோர்டில் எழுத்து அழியற வரைக்கும் பி.காம் முழுக்க அதில்தான் படிச்சான். பெரிய ப்ராசஸர் எதுவும் அதில் கிடையாது. ஆனா வேலைக்குத் தேவையான அளவு இருந்தது. அந்த 'தேவையான அளவு'தான் முக்கியம்.

2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச அரசு லேப்டாப்பையும் பாருங்க. இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3, இரண்டில் எதுவானாலும் சரி. ஆனா ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி. ப்ராசஸர் எந்தக் கம்பெனின்னு அங்கே சண்டை இல்லை. இதுக்குக் கீழே போகக் கூடாதுன்னு ஒரு அளவு மட்டும் வச்சிருக்காங்க. நீங்களும் அப்படித்தான் வாங்கணும்.

கீழ்மட்டம் எது?

படிப்புக்கு நான் சொல்ற கீழ்மட்டம் இது.

ஆண்ட்ராய்டுன்னா ரேம் 8 ஜிபி. ரொம்ப முடியலைன்னா 6. ஸ்டோரேஜ் 128 ஜிபி. மலிவான டேப்லெட்கள் பலதில் இஎம்எம்சி என்ற மெதுவான ஸ்டோரேஜ் இருக்கும். யுஎஃப்எஸ்னு போட்டிருந்தா நல்லது. டேப்லெட் திணறுறப்போ நாம் ப்ராசஸரைத் திட்டுவோம். பல நேரம் குற்றவாளி ரேமும் ஸ்டோரேஜும்தான்.

அடுத்தது, மாடல் பேரை மட்டும் நம்பாதீங்க. சாம்சங் டேப் எஸ்6 லைட்டையே எடுத்துக்கோங்க. 2020-ல் வந்ததில் எக்ஸினாஸ் 9611. 2022-ல் வந்ததில் ஸ்னாப்டிராகன். 2024-ல் வந்ததில் எக்ஸினாஸ் 1280. மூணுக்கும் பேர் ஒண்ணுதான். டேப் ஏ9-க்கும் ஏ9 பிளஸுக்கும் ஒரு 'பிளஸ்'தான் வித்தியாசம். ஆனா ஒண்ணில் மீடியாடெக் ஹீலியோ ஜி99, இன்னொண்ணில் ஸ்னாப்டிராகன் 695. "பெரிய ஆஃபர்"னு வர்றது எந்த வருஷத்து மாடல்னு கேளுங்க. ப்ராசஸர் பேரைத் தெரிஞ்சு வச்சுக்கிறதுக்கு உண்மையான பலன் இதுதான்: பழைய சரக்கைப் புது விலைக்கு வாங்காம தப்பிக்கலாம்.

மூணாவது, இதை யாரும் கேக்கிறதே இல்லை: உங்க வகுப்பு ஆப் அந்த டேப்லெட்டில் ஓடுமா? சிஏ வகுப்புகள் பலது விண்டோஸ் லேப்டாப்பிலும் ஆண்ட்ராய்டிலும் மட்டும் ஓடும், ஐபேடில் ஓடாது. 15,000 ரூபாய் கட்டி வகுப்பு வாங்கி, 60,000 ரூபாய் கட்டி ஐபேட் வாங்கி, கடைசியில் போனில் வகுப்பு பார்க்கிற பையன் எனக்குத் தெரிஞ்சே இருக்கான். வாங்குறதுக்கு முன்னாடி வகுப்பு நடத்துறவங்களுக்கு ஒரு போன் போடுங்க.

நாலாவது, சர்வீஸ். சென்னையில் வாங்கிட்டு ஊரில் உட்கார்ந்து படிக்கப் போறீங்கன்னா, திரை உடைஞ்சா எங்கே எடுத்துட்டுப் போகணும்னு முன்னாடியே பாருங்க. எங்க ஊரிலிருந்து திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய்வர ஒரு நாள் படிப்பு போயிடும்.

இந்த நாலும் தேறிடுச்சா? அதுக்கு மேல் ப்ராசஸருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும், நீங்க தொடவே போகாத வேகத்துக்குக் கொடுக்கிற ரூபாய்.

"நாளைக்குப் பழசாயிடுமே அண்ணே?"

தம்பி கேட்ட இரண்டாவது கேள்வி இது. நியாயமான பயம். அதுக்கு ஒரு உதாரணம் சொன்னேன். 2020-ல் வந்த 8-ஆம் தலைமுறை சாதாரண ஐபேடில் இருக்கிறது ஏ12 ப்ராசஸர். அந்தச் சிப் 2018-ல் ஐபோன் எக்ஸ்எஸ்ஸில் வந்தது. அதுக்கு 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26 கூடக் கிடைச்சிருக்கு. அதாவது, வாங்குற அன்னைக்கே இரண்டு வருஷப் பழசா இருந்த சிப்பு, அஞ்சு வருஷம் தாண்டியும் புது சாஃப்ட்வேர் வாங்குது.

உங்க பரீட்சை அஞ்சு வருஷம் நடக்குமா? நடக்கக் கூடாது, அது வேற விஷயம். மூணு வருஷம்னு வச்சுக்கோங்க. 42,800-ஐ 36 மாசத்தால் வகுத்தா மாசம் 1,189 ரூபாய். 71,800-ன்னா மாசம் 1,994. அந்த 800 ரூபாய் வித்தியாசத்துக்கு மாசா மாசம் என்ன கிடைக்குதுன்னு எழுதிப் பாருங்க. எழுத எதுவும் வரலைன்னா, அதுதான் பதில்.

"நோ காஸ்ட் ஈஎம்ஐ இருக்கே?"

மூணாவது கேள்வி இது வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். இந்தச் சேனலைப் பார்க்கிறவங்களுக்கு விடையும் தெரியும். வட்டி இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் இதைச் சொல்லிடுச்சு.

59,900 ரூபாயை 12 மாச நோ காஸ்ட் ஈஎம்ஐ-யில் போட்டா மாசம் 4,992. வங்கி வருஷத்துக்கு 15% வட்டி போடுதுன்னு வைங்க. அதுக்குள் சுமார் 4,600 ரூபாய் வட்டி ஒளிஞ்சிருக்கும். அந்த வட்டியைக் கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுடுறாங்க. ஆனா வட்டி மேல் 18% ஜிஎஸ்டி, சுமார் 827 ரூபாய், உங்க கார்டு பில்லில் தனியா வரும். ப்ராசசிங் ஃபீ, அதுக்கு ஒரு ஜிஎஸ்டி. மொத்தமா கட்டினா கிடைக்கிற கார்டு தள்ளுபடி ஈஎம்ஐ-யில் கிடைக்காமலும் போகலாம்.

இந்தத் தொகை சின்னதுதான். எனக்குப் பயம் வேற. பென்சில் ப்ரோவோட சேர்த்தா மாசம் 5,983 ரூபாய். தம்பிக்கு மாசம் மிஞ்சுறதே 6,000. அடுத்த 12 மாசம் அவன் கையில் 17 ரூபாய்தான் நிக்கும். சித்திக்கு ஒரு காய்ச்சல்னா அந்தக் கார்டிலேயே தேய்க்கணும். அப்போ வர்ற வட்டி 15% இல்லை, வருஷத்துக்கு 40%-ஐத் தொடும்.

வரியில் ஏதாவது திரும்பக் கிடைக்குமான்னு கேக்காதீங்க. சம்பளக்காரருக்கு டேப்லெட்டுக்குன்னு தனிக் கழிவு கிடையாது. புது முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு இருக்கு. நீங்க டேப்லெட் வாங்கினாலும் வாங்காட்டியும் அது உண்டு. சொந்தத் தொழில் பண்றவர் கதை வேற. ஜிஎஸ்டி பதிவு இருந்து, தொழிலுக்காக வாங்கினா, 59,900-க்குள் இருக்கிற 9,137 ரூபாய் ஜிஎஸ்டியை எடுத்துக்கலாம். மீதிக்கு 40% தேய்மானமும் காட்டலாம். வீடியோ எடிட் பண்ணிச் சம்பாதிக்கிறவர், படம் வரையறவர், வெளியே ஒரு மானிட்டர் மாட்டி வேலை செய்றவர் எம்3 வாங்குறது செலவு இல்லை, முதலீடு. அவங்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

29,000 ரூபாய்க்கு உண்மையான வேகம்

இப்போ என் கருத்துக்கு வர்றேன்.

படிக்கிறவருக்கு மெதுவா இருக்கிறது டேப்லெட் இல்லைங்க, நேரம்தான். காலையில் எட்டரைக்குக் கிளம்பி, ராத்திரி எட்டு மணிக்கு ஹாஸ்டலுக்கு வந்து, பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிற ஒருத்தருக்கு ஒரு பக்கம் அரை நொடி முன்னாடி திறந்து என்ன ஆகப் போகுது?

தம்பியிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். உன் சம்பளம் 34,000. முப்பதால் வகுத்தா ஒரு நாளைக்கு 1,133 ரூபாய். 29,000-ஐ அந்த 1,133-ஆல் வகுத்துப் பார். 25 நாள் வருது.

அதாவது மெயின்ஸுக்கு முன்னாடி 25 நாள் சம்பளமில்லாத லீவு போடலாம். வீட்டுக்கு அனுப்புற பத்தாயிரத்தை நிறுத்தாமலே போடலாம். ஊருக்கு வந்து, அம்மா சமையலைச் சாப்பிட்டுட்டு, நாளுக்குப் பத்து மணி நேரம்னு வச்சாலும் 250 மணி நேரம். எந்தச் சிப்பும் உனக்கு 250 மணி நேரம் தராது.

இன்னொண்ணும் சொன்னேன். மெயின்ஸில் விரிவான விடையைத் தாளில் பேனாவால்தான் எழுதணும். சிஏ பரீட்சையும் அப்படித்தான். கண்ணாடி மேல் எழுதிப் பழகின கை, மூணு மணி நேரம் தாளில் எழுதினா வலிக்கும். அதனால் பென்சிலையும் இப்போ வாங்காதே. ஒரு மாசம் டேப்லெட்டில் படி. நிஜமாவே தேவைன்னு தோணினா அப்புறம் வாங்கு. அந்த 7,900-க்கு ஒரு கட்டு ஏ4 தாளும் ஒரு டஜன் பேனாவும் வாங்கினா கூட நிறைய மிஞ்சும்.

ஆண்ட்ராய்டு பிடிச்சவங்களுக்கும் இதே கணக்குதான். சாம்சங் டேப் எஸ்10 எஃப்இ அறிமுக விலை 42,999. பேனா பெட்டிக்குள்ளேயே வரும். ஐபேடும் பென்சிலும் சேர்ந்த விலைதான். எது வாங்கினாலும் சரி. அதுக்கு மேல் உள்ள மாடலுக்குக் கை போறப்போ, விலை வித்தியாசத்தை உங்க ஒரு நாள் சம்பளத்தால் வகுத்துடுங்க. வர்ற எண்ணைப் பார்த்துட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்க.

தம்பி உடனே ஒத்துக்கலை. "எல்லாரும் ஏர்தான்ணே வச்சிருக்காங்க"ன்னான். அந்த வயசில் எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் திட்டலை. மறுநாள் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் பொதிகை ஏத்திவிடப் போனேன். வண்டி வர்றதுக்கு முன்னாடி கேட்டான்: "அண்ணே, லாஸ் ஆஃப் பே லீவு கேட்டா ஹெச்ஆர்ல தருவாங்களா?"

இப்பவே எழுத்தில் கேட்டு வைன்னு சொன்னேன். டேப்லெட் எதுன்னு அவன் அப்புறம் கேக்கவே இல்லை.